ரசமட்டம் பார்த்த கோணல்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மற்றபடி சொந்தக்காரர் முதல் சிமெண்ட் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ரசமட்டம்தான். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் ஒரு கட்டை வைத்திருப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஓடித் திரியும் குமிழியுமாக, அதற்குத்தான் ரசமட்டம் என்று பெயர். பட்டப்பெயர் வைத்தால் ஆளுக்குக் கோபம் வர வேண்டும். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது வருஷமாகத் தரைக்கு டைல்ஸ் பதிக்கிற மனிதருக்கு இதைவிட நல்ல பட்டம் யார் தரப் போகிறார்கள்?

அவரோடு ஒரு வீட்டுக்குப் போவது பெரிய தண்டனை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்வை தரைக்குப் போய்விடும். வீட்டுக்காரர் வாய் நிறைய "வாங்க, வாங்க" என்பார். இவர் "அந்த மூலைல ஒரு கல்லு தூக்கியிருக்கே, யாரு போட்டது?" என்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் காப்பி எப்படி இனிக்கும்?

கல்யாணம் நடந்ததே இந்தக் கண்ணால்தான். இளவயதில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். கடையில் வேலை பார்த்த பெண் கட்டுத்துணியை எடுத்து நீட்ட, இவர் அதை வாங்காமல் அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "உங்க மூணாவது தட்டு வலது பக்கம் சரிஞ்சிருக்கு" என்றாராம். விரலில் ரத்தம் சொட்டுகிறது, இந்த ஆள் தட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த வாரம் காயமே இல்லாமல் இரண்டு முறை கட்டுத்துணி வாங்க வந்தார். மூன்றாம் முறை அவளே கேட்டுவிட்டாள், "தட்டை நிமித்திட்டேன், இனிமே எதைப் பாக்க வர்றீங்க?" அந்தப் பெண்தான் இன்றைக்கும் அதே மருந்துக்கடையில் நின்று ஊருக்கெல்லாம் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் அவர் மனைவி.

அவருடைய வேலைமுறை தனி. எல்லாரும் இரண்டு முனையிலும் ஆணி அடித்து, நூல் கட்டி, நூலை ஒட்டிக் கல் பதிப்பார்கள். இவரும் நூல் கட்டுவார், ஆனால் நம்ப மாட்டார். ஒரு வரிசை முடிந்ததும் வேட்டைக்குப் போகிறவர் போலத் தரையில் குப்புறப் படுப்பார். வலது கன்னத்தைக் கல்லில் அழுத்தி, இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணால் வரிசை நெடுகப் பார்ப்பார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஓடும் சந்து அந்தக் கோடி வரை நேராகப் போனால் எழுந்து வயிற்றைத் தட்டிக்கொள்வார். ஒரு மயிரிழை விலகினாலும் அன்றைக்கு யாரும் நேரத்துக்குச் சாப்பிட முடியாது.

"நூல் தொங்கும்டா மாப்ளே. என் கண்ணு தொங்காது" என்பார்.

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் அவருடைய மைத்துனன். மனைவியின் தம்பி. பதினாறு வருஷமாக அவரோடு வேலை பார்க்கிறவன். அதிகம் பேசாத ஆள். நூலைக் கட்டுவான், இழுத்துப் பார்ப்பான், அதை ஒட்டிக் கல்லை வைப்பான், ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு, அடுத்த கல். அவனுக்குக் கண்ணைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

அந்த மைத்துனன் சொந்தமாக ஒரு வீடு கட்டினான். ஊரார் தரையை எல்லாம் பளபளவென்று ஆக்கிவிட்டுத் தன் குடும்பத்தை வாடகை வீட்டுச் சிமெண்ட் தரையில் வைத்திருந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ரசமட்டம் வேறொரு கட்டடத்தில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டிருந்தபோது, இவனே ஹாலுக்கு முழுக்கக் கல் பதித்து முடித்துவிட்டு, "வந்து பாருங்க மச்சான்" என்று கூப்பிட்டான்.

அவர் வந்தார். படுத்தார். இடது கண்ணை மூடினார்.

"என்னடா இது, வாசல் வரிசை பாம்பு மாதிரி போகுது?"

மைத்துனன் நூலை எடுத்துக் கட்டிக் காட்டினான். சந்து நூலோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. ரசமட்டம் அதைப் பார்க்கவே மறுத்தார். நூல் தொங்குகிறது என்றார். உளியை வாங்கி மூன்றாவது கல்லைப் பெயர்த்தார், திருப்பிப் பதித்தார், படுத்துப் பார்த்தார். மூன்றாவது சரியாகிவிட்டது போலிருந்தது, இப்போது நான்காவது பிதுங்கியது. நான்காவதைப் பெயர்த்தார். ஐந்தாவது நெளிந்தது. எங்கே பார்த்தாரோ அங்கே வளைவு வந்து உட்கார்ந்துகொண்டது, அவரோடு கண்ணாமூச்சி ஆடுவது போல. மாலை வரை ஒரு வரிசை முழுக்க உடைத்து, ஒட்டி, வியர்த்து, கடைசியில் "இப்ப சரி" என்றார். சரியில்லை என்று அவருக்கே தெரியும். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாய் ஒரு தரையைப் பற்றிப் பொய் சொன்னது.

மைத்துனன் கொத்துக் கரண்டியைக் கழுவினான், துடைத்தான். "நாளையிலேருந்து நான் தனியா வேலை பாத்துக்கறேன் மச்சான்" என்றான். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வீட்டுக்கு வந்தும் அவருக்கு நிம்மதி இல்லை. அடுத்து வந்த வாரங்களில் உலகமே கோணிப்போனது. காலையில் முகத்துக்குச் சோப்புப் போட்டு, நுரை புகுந்த இடது கண்ணை மூடிக்கொண்டு துண்டைத் தேடினால், குளியலறைக் கதவின் நிலை நடுவில் இடுப்பை வளைத்துக்கொண்டு நிற்கிறது. "தச்சன் நம்மள நல்லா ஏமாத்திட்டான்" என்று கத்தினார். அந்தத் தச்சர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தெருவில் நின்று வழக்கம் போல ஒற்றைக் கண்ணால் பார்த்தால் மின்கம்பமும் வளைந்திருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பிகள் நெளிந்தன. வலது கண்ணின் கீழ்ப்பக்கம் வேறு ஓர் அழுக்குத் திட்டு, யாரோ எண்ணெய்க் கையால் தொட்ட கண்ணாடி மாதிரி. சிமெண்ட் தூசி விழுந்திருக்கும் என்று தண்ணீர் அடித்து அடித்துக் கழுவினார். வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. வலிக்காத எதையும் நோய் என்று ஒப்புக்கொள்ளாத பிறவி அவர்.

அவர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க, அந்த நிலையப் பாருங்க. ரெண்டு கண்ணாலயும்."

"நேராத்தான் இருக்கு."

"இப்ப வலது கண்ண மூடுங்க."

"நேரா இருக்கு."

"இடதை மூடுங்க."

அவர் மூடினார். கையை நீட்டி நிலையைத் தடவினார். கைக்கு நேராக இருந்தது, கண்ணுக்கு வளைந்திருந்தது.

"செத்துப்போன மனுஷனை இனிமே திட்டாதீங்க. கோணல் நிலையில இல்ல, உங்க கண்ணுல இருக்கு" என்றாள். பிறகு அவள் குரல் மாறிவிட்டது. "எத்தனை நாளா இப்படி?"

யோசித்துப் பார்த்தால், மைத்துனன் வீட்டில் படுத்துப் பார்த்த நாளிலிருந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடி மறைத்துவிடுகிறது. ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொழில் இல்லாதிருந்தால் அவருக்கு இன்னும் தெரிந்திருக்காது. அந்தத் தொழில்தான் தெரியப்படுத்தியது, இவர்தான் மைத்துனன் மேல் பழியைப் போட்டார்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்தார்கள். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்த பெண் மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்த்தாள், அவ்வளவு எகிறியிருந்தது. கண் டாக்டரம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். வெள்ளைக் காகிதம், முழுக்கக் கறுப்புக் கோட்டில் சின்னச் சின்னக் கட்டங்கள், நட்ட நடுவில் ஒரு புள்ளி.

"இடது கண்ணால நடுப் புள்ளிய மட்டும் பாருங்க. கட்டமெல்லாம் எப்படித் தெரியுது?"

ரசமட்டத்தின் முகம் மலர்ந்தது. "நல்ல வேலை. சந்து ஒரே அளவு. யாரோ தெரிஞ்சவன் போட்டிருக்கான்."

"இப்ப வலது கண்ணால."

முகம் கடுகடுத்தது. "எவன் போட்டான் இதை? நடுவுல நாலு கல்லு உப்பியிருக்கு. அதுக்குக் கீழ ஒரு வரிசையே சரிஞ்சு கிடக்கு. இந்த மூலைல கல்லையே காணோம்!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கண்ணின் உட்புறப் படத்தைக் கணினித் திரையில் காட்டி, சிரிக்காமல் விளக்கினார். கண்ணுக்குப் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம், நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயும் திரும்ப எடுத்துப்போகும் குழாயும் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே போகும் இடங்கள் உண்டு. வருஷக்கணக்கில் ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தால் மேலே போகிற குழாய் தடித்து, அடியில் இருப்பதை நசுக்கிவிடும். அடைபட்ட குழாய்க்குப் பின்னால் ரத்தம் தேங்கும், கசியும். படத்தில் விழித்திரையின் ஒரு பக்கம் மட்டும் சிவப்புச் சிவப்பாகத் தீற்றியிருந்தது. பார்வைக்கு உயிரான நடுப்பகுதி நீர் கோத்து வீங்கியிருந்தது.

ரசமட்டம் திரையருகே குனிந்து பார்த்தார். "அப்படின்னா இதானே டாக்டர்? தரைக்குக் கீழ குழாய் அடைச்சுக்கிச்சு. தண்ணி கசிஞ்சு டைல்ஸைத் தூக்கிடுச்சு. கல்லு மேல தப்பு இல்ல."

"இருபது வருஷமா இதை இவ்வளவு அழகா எனக்குச் சொல்லத் தெரியல" என்றார் டாக்டரம்மா.

"சரி, எப்ப உடைச்சு எடுக்கப் போறீங்க?"

"உடைக்க மாட்டோம். கண்ணுக்குள்ள ஊசியால மருந்து போடுவோம். அது கசிவை நிறுத்தும், நீர் வத்தும். மாசத்துக்கு ஒண்ணு, முதல்ல மூணு. அப்புறம் பாத்துட்டுத் தேவைன்னா இன்னும் போடுவோம். ஆனா மோட்டார் அழுத்தத்தைக் குறைக்காம குழாயை மட்டும் பாத்து என்ன பிரயோஜனம்? ரத்த அழுத்த மாத்திரை தினம் சாப்பிடறீங்களா?"

"தலை வலிச்சா சாப்பிடுவேன்."

பக்கத்தில் அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். ஊரில் எத்தனை பேரை "மாத்திரைய ஒரு நாள்கூட விடக் கூடாது" என்று மிரட்டியிருப்பாள்! சொந்தப் புருஷன் தலைவலிக்குத் தைலம் மாதிரி அதைச் சாப்பிட்டிருக்கிறான். வெட்கத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கேட்க வேண்டிய கேள்வியை ரசமட்டம் வாசல் வரை போய்த் திரும்பி வந்துதான் கேட்டார். "கோடு மறுபடி நேராத் தெரியுமா?"

"தெரியலாம். முழுசாத் தெரியும்னு இப்ப சத்தியம் பண்ண மாட்டேன். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா நம்பிக்கையே குறைஞ்சிருக்கும். நடுவுல திடீர்னு கரித்தூள் பறக்கற மாதிரி தெரிஞ்சாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ, நாள் பாக்காம ஓடி வாங்க."

கண்ணில் ஊசி என்றதும், சுத்தியலுக்குப் பயப்படாதவர், கல் அறுக்கும் சக்கரத்துக்குப் பயப்படாதவர், மனைவியைப் பார்த்து "எனக்குப் பதிலா நீ போட்டுக்கறியா?" என்று மனமாரக் கேட்டார். குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால், மைத்துனன் வண்டியோடு நின்றான். அக்கா சொல்லித் தெரிந்திருக்கிறது.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து பாதி வழி போனதும் ரசமட்டம் அவன் முதுகைப் பார்த்துச் சொன்னார். "நூல் சொன்னதுதான்டா சரி. என் கண்ணுதான் தொங்கிடுச்சு. உன் தரைய நான் பாழ் பண்ணிட்டேன்."

"இறுக்கிப் பிடிச்சுக்குங்க மச்சான், முன்னாடி பள்ளம் இருக்கு" என்றான் அவன். தனியாக வேலை பார்க்கும் பேச்சை அவன் அதோடு விட்டுவிட்டான்.

ஊசி போடும் அறையில் அவரைப் படுக்க வைத்து, மரத்துப்போகச் சொட்டு விட்டு, இமை மூடாமலிருக்க ஒரு கம்பியை மாட்டி, முகத்தைத் துணியால் மூடினார்கள். கண்ணுக்கு மட்டும் ஓர் ஓட்டை. "மேல இடது மூலையப் பாருங்க, அசையாதீங்க" என்றார் டாக்டரம்மா. அந்த மூலையில் சுவரில் ஒட்டிய டைல்ஸ் ஒன்று இருக்கிறது என்று உள்ளே வரும்போதே நல்ல கண்ணால் பார்த்து வைத்திருந்தார். அது மற்றதைவிட ஒரு நூல் அளவு முன்னால் நின்றது. சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். பேசவும் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தவனை மனதுக்குள் அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது."

"எது?"

"ஊசி."

ஓர் அழுத்தம் தெரிந்தது, அவ்வளவுதான். ஊசி இப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் மூன்று நாள் தூக்கம் மிச்சமாகியிருக்கும். பார்வையில் இரண்டு கறுப்புக் குமிழிகள் மிதந்தன. "உள்ளயே ரசமட்டம் வெச்சுட்டாங்கடா" என்று மைத்துனனிடம் காட்ட முயன்றார். மறுநாள் குமிழி கரைந்துபோனது.

அதன் பிறகு வீட்டில் மனைவியின் ஆட்சி. காலை எட்டு மணிக்கு மாத்திரை, முழுங்கினதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். உப்பு டப்பா மேல் தட்டுக்குப் போய்விட்டது. கட்டக் காகிதத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி, தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னாள். அவர் வேலைக்குக் குறிபோடும் தட்டைப் பென்சிலால் வளைவுகளை வரைந்து வைத்தார். முதல் மாதப் படத்தில் நடு இடம் பானை வயிறு மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் அது தட்டில் கவிழ்த்த கிண்ணம் அளவுக்கு இறங்கியது. வேலைக்கும் போனார், ஆனால் படுத்துப் பார்க்கவில்லை. மைத்துனன் கட்டிய நூலை ஒட்டி, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாகக் கல் வைத்தார். அது அவருக்கு எவ்வளவு கசந்தது என்று அவர் முகத்தைப் பார்த்த கலவைக்காரனுக்குத் தெரியும்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, வீக்கம் வற்றிவிட்டது என்றார். எழுத்துப் பலகையில் ரசமட்டம் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தார். காகிதத்திலும் கோடுகள் ஏறக்குறைய நேராகவே இருந்தன. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், அவரைத் தவிர.

"எழுத்து எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. காகிதத்துல நேராத்தான் இருக்கும்னு தெரிஞ்சே பாக்கறேன். இதை எப்படி நம்பறது?" என்றார். "மாப்ளே, வண்டிய உன் வீட்டுக்கு விடு."

மைத்துனன் அந்த வாசல் வரிசையைச் சரிசெய்யாமலே குடிவந்திருந்தான். "நான் கெடுத்தது, நான்தான் திருத்துவேன், யாரும் தொடக் கூடாது" என்று ரசமட்டம் ஒற்றைக் காலில் நின்றதுதான் காரணம். ஹாலில் இருந்த நாற்காலிகளை ஒதுக்கினார்கள். அவர் மனைவி பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். ரசமட்டம் மூன்று மாதத்துக்குப் பிறகு குப்புறப் படுத்தார். வலது கன்னம் கல்லில் பட்டதும் குளிர்ந்தது. இடது கண்ணை மூடினார்.

வலது கண்ணை வரிசை நெடுக ஓட்டினார். அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்து மனைவி பயந்துபோனாள்.

"என்னங்க? என்ன ஆச்சு?"

"கோணலா இருக்குடி!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மைத்துனன் மெதுவாக, "அது நீங்க போட்ட வரிசை மச்சான். நிஜமாவே கோணல்தான்" என்றான்.

"தெரியும்டா! எவ்வளவு கேவலமா போட்டிருக்கேன்! ஆறாவது கல்லு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. மூணாவதைப் பாத்தாலும் ஆறாவதுதான் கோணல். ஒன்பதாவதைப் பாத்தாலும் ஆறாவதுதான் கோணல். அங்கயே நிக்குதுடா மாப்ளே, என் கூட ஓடி வரவே இல்ல!"

அழுதுகொண்டே சிரித்தார். அன்றைக்கு அவர் பார்த்த இடமெல்லாம் கூடவே ஓடிவந்த வளைவு கண்ணுடையது. இது தரையுடையது, தன் இடத்தை விட்டு நகரவில்லை. முப்பது வருஷமாகக் கோணலைப் பார்த்தால் முகம் சுளிக்கிற மனிதர் அந்த ஆறாவது கல்லைக் குழந்தையைத் தடவுவது போலத் தடவிக்கொண்டிருந்தார். மனைவி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மைத்துனன் உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தான். "தள்ளிப் படுங்க. இப்பவே பெயர்த்துடலாம்."

ரசமட்டம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுடா. இருக்கட்டும்."

"என்னது?"

"டாக்டரம்மா காகிதம் எனக்கு ஒத்து வரல. மாசம் ஒரு தடவை இங்க வந்து படுத்துப் பாத்துட்டுப் போறேன். இந்தக் கல்லு இங்கயே நிக்கற வரைக்கும் என் கண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"ஊரான் வீட்டுல ஒரு மயிரிழைக்கு ஒரு வரிசைய உடைச்ச ஆளு, என் வீட்டு வாசல்ல மட்டும் கோணல விட்டு வைப்பீங்களா?" என்று கேட்ட மைத்துனனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வர்றவங்க இதை யாரு போட்டதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் எழுந்து உட்கார்ந்து, கன்னத்தில் ஒட்டிய தூசியைத் துடைத்துக்கொண்டார்.

"ரசமட்டம் போட்டதுன்னு சொல்லு."